காசில் எழுத்து இரண்டாகத் தெரிகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் காய் வாங்கிய மீதியிலோ, வீட்டு அலமாரியில் கிடந்த பழைய டப்பாவிலோ, எழுத்து இரண்டாகத் தெரியும் காசு ஒன்று கையில் சிக்கும். படமெடுத்து நண்பர்கள் குழுவில் போட்டால் ஒருவர் "டபுள் டை (இரட்டை அச்சு), ஆயிரம் வெள்ளிக்கு (டாலருக்கு)ப் போகும்" என்பார். இன்னொருவர் "ஒன்றுமில்லை, கோப்பி குடித்துவிடு" என்பார். இரண்டு பேருமே ஏன் என்று சொல்ல மாட்டார்கள். இந்த வழிமுறை அந்த "ஏன்" பற்றியது. காசில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, அது காசை அடிக்கும் எஃகு அச்சில் பிறந்த பிழையா, அடிக்கும்போது நேர்ந்ததா, காசு வெளியே வந்தபின் யாரோ செய்ததா என்று பிரிப்பதுதான் நம் வேலை. விலை அப்புறம்.

முதலில் கருவிகள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். பெயர்பெற்ற இரட்டை அச்சுகள் பலவற்றை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். லென்ஸ் உறுதி செய்யத்தான். கணினியில் மாட்டும் மைக்ராஸ்கோப்பை ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது. வட்டமாக எரியும் அதன் சிறு விளக்குகள் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுத்தி, இல்லாத இரட்டிப்பைக் காட்டும். மேசைவிளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, காசைச் சாய்த்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசும் ஒரு காந்தமும் பின்னால் தேவைப்படும். அதே ஆண்டு, அதே மதிப்புள்ள சாதாரணக் காசு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஆசைப்பட்ட முடிவாகவே இருக்கும்.

எங்கே பார்ப்பது? சிங்கப்பூர்க் காசுகளில், 1985-இல் தொடங்கிய இரண்டாம் வரிசையிலும் 2013-இல் வந்த மூன்றாம் வரிசையிலும் அரசுச் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது தமிழில் உள்ள "சிங்கப்பூர்" என்பதைத்தான். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேறு காரணமும் உண்டு. ங், ப், ர் மூன்றிலும் புள்ளி இருக்கிறது. நேர்க்கோட்டில் இரட்டிப்பு எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்று சட்டென்று தெரியாது. புள்ளி எந்தத் திசையில் நகர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: எழுத்தின் ஒரு பக்கத்தில் தட்டையான படி

கொண்டுவரும் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் இதை நன்றாகக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிது.

எழுத்தின் மேல்பகுதி ஒரு உயரத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும், காசின் தளத்தை ஒட்டினாற்போல், தாழ்வான தட்டையான படி ஒன்று தெரிகிறது. விளக்கின் கீழ்க் காசைச் சுழற்றும்போது ஒரு கோணத்தில் அந்தப் படி கண்ணாடித் துண்டு மாதிரி பளிச்சென்று மின்னும், அடுத்த கணம் அணைந்துவிடும். தட்டையாக இருப்பதால்தான் அப்படி. இப்போது சாதாரணக் காசைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் அகலத்தைப் பாருங்கள். படியையும் சேர்த்து அளந்தால்தான் சாதாரண எழுத்தின் அகலம் வரும். படியை விட்டுவிட்டால் எழுத்து மெலிந்திருக்கும்.

இதற்குப் பெயர் இயந்திர இரட்டிப்பு. அச்சு அதன் பிடியில் கொஞ்சம் தளர்ந்திருந்தால், வில்லையை (உருவம் பதியாத வெறும் உலோகத் தட்டை) அடித்து எழுத்து எழும்பிய அதே கணத்தில் அச்சு துள்ளியோ நகர்ந்தோ, எழும்பிய எழுத்தின் ஒரு ஓரத்தை நசுக்கிவிடுகிறது. அந்த நசுங்கலே படி. புதிதாக எதுவும் சேரவில்லை. இருந்த உலோகம்தான் தள்ளப்பட்டிருக்கிறது. எழுத்து மெலிவது அதனால்தான்.

புள்ளியில் இதைப் பார்த்தால் இன்னும் தெளிவு. ர் மீதுள்ள புள்ளி முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் வெட்டுண்டு, அந்த வெட்டின் அடியில் பிறை வடிவில் தட்டையான ஓரம் இருக்கும். ப், ங் புள்ளிகளைப் பாருங்கள். அங்கேயும் வெட்டு அதே திசையில் இருந்தால் இயந்திர இரட்டிப்பு என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம்.

இதற்குச் சந்தையில் கூடுதல் விலை கிடையாது. இணையச் சந்தையில் இதை "இரட்டை அச்சு" என்று போட்டு விற்கிறார்கள். வாங்குபவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அவர்களுக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்: படி தட்டையாக இருந்தால் வாங்காதீர்கள்.

அறிகுறி: எழுத்து தடித்து, முனைகளில் பிளவு

இதுதான் எல்லாரும் தேடுவது. உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவம் தட்டையாகக் கிடக்காது. முதல் உருவத்தைப் போலவே உருண்டு எழும்பி நிற்கும். எழுத்து மெலியாது, தடிக்கும். கோடுகளின் முனையில், இரண்டு உருவமும் பிரியும் இடத்தில், சின்ன "வி" வடிவப் பிளவு தெரியும். புள்ளி வெட்டுப்படாமல் நீண்ட முட்டையாகவோ, எட்டு போல ஒட்டிய இரண்டு வட்டங்களாகவோ இருக்கும்.

இது எப்படி வருகிறது? காசை அடிக்கும் அச்சையும் யாரோ ஒருவர் செய்ய வேண்டும் அல்லவா? உருவம் எழும்பி நிற்கும் ஒரு எஃகுத் தாய் அச்சை மிருதுவாக்கிய எஃகுத் துண்டின் மீது அழுத்தித்தான் வேலை அச்சு பிறக்கிறது. பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாது. அழுத்தி, எடுத்து, சூடாக்கி மிருதுவாக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். இரண்டாம் முறை இம்மியளவு திரும்பிவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவம். ரப்பர் முத்திரை குத்தும்போது கை நழுவுவது இயந்திர இரட்டிப்பு என்றால், முத்திரையையே இரட்டையாகச் செதுக்கி வைத்திருப்பது இது. கை நழுவினால் ஒரு தாள்தான் கெடும். முத்திரையே இரட்டை என்றால் குத்தும் எல்லாத் தாளிலும் அதே இரட்டிப்பு வரும்.

சோதனையும் அதிலிருந்தே கிடைக்கிறது. ஒரே அச்சில் பிறந்த இன்னொரு காசைத் தேடுங்கள். அச்சில் உள்ள நுண்ணிய கீறல்கள் காசில் எழும்பிய மயிரிழைகளாகத் தெரியும். அந்த இழைகள் இரண்டு காசிலும் ஒரே இடத்தில் இருந்து, இரட்டிப்பும் ஒரே மாதிரி இருந்தால் அது அச்சின் குணம். இழைகள் ஒத்துப்போய் இரட்டிப்பு மட்டும் மாறினாலோ காணாமல் போனாலோ அது அடியின் குணம். பிரிக்காத பொட்டலமாகக் காசு கிடைத்தால் இந்தச் சோதனை எளிது. ஒரே அச்சில் வந்தவை அதில் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கண்ணைப் பழக்க அமெரிக்க ஒரு சென்ட் காசுகளின் படங்களைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1955-ஆம் ஆண்டு இரட்டை அச்சில் ஆண்டும் எழுத்துகளும் நன்றாகப் பிரிந்து நிற்கும், லிங்கனின் முகம் மட்டும் ஒன்றாகவே தெரியும். 1972-இல் வந்ததும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதே. 1995-இல் வந்தது மெலிதானது, லிபர்ட்டி என்ற சொல்லில் பார்க்க வேண்டும். இவற்றைப் பார்த்தபின் உங்கள் காசைப் பாருங்கள், வித்தியாசம் தானே புரியும்.

1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த சென்ட் கற்றுத்தரும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த ஆண்டுக் காசுகளில் உண்மையான இரட்டை அச்சும் உண்டு, இயந்திர இரட்டிப்பும் ஏராளம். பிரிப்பது எப்படி? அந்தக் காலத்தில் நாணயச்சாலையைக் குறிக்கும் எஸ் என்ற எழுத்தை வேலை அச்சில் தனியாகக் கையால் குத்துவார்கள். தாய் அச்சு இரண்டு முறை பதிந்தாலும் எஸ் ஒருமுறைதான் பதியும். ஆகவே ஆண்டோடு எஸ் எழுத்தும் அதே மாதிரி இரட்டையாக இருந்தால், அது அடிக்கும்போது நேர்ந்தது. உண்மையான இரட்டை அச்சில் எஸ் ஒற்றையாகவே நிற்கும்.

இன்னொன்று. அமெரிக்க நாணயச்சாலை 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறியது. அதன்பின் இரட்டை அச்சு அடியோடு ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியது. எஃகுத் துண்டின் முகம் நடுவில் கூம்பாக இருப்பதால் தாய் அச்சு முதலில் தொடுவது நடுவைத்தான். தொடும்போது சாய்ந்திருந்து, அழுத்தம் ஏறும்போது நேரானால், நடுப்பகுதியில் மட்டும் சிறு இரட்டிப்பு விழும். அதனால் இந்தக் காலத்துக் காசு எதுவானாலும் ஓரத்து எழுத்துகளோடு நின்றுவிடாமல் நடுவையும் பாருங்கள். நம் காசில் நடுவே இருப்பது கேடயத்தின் பிறையும் ஐந்து நட்சத்திரங்களும். நட்சத்திர முனைகள் கூர்மையானவை, சிறு விலகலையும் காட்டும்.

அறிகுறி: எழுத்தைச் சுற்றி ஊதிய நிழல்

இரட்டிப்பு இருக்கிறது, ஆனால் ஓரம் கூர்மையாக இல்லை. எழுத்து ஊதினாற்போல், இரண்டு பக்கமும் மங்கிய நிழல். விளிம்பை நோக்கிப் போகப்போக அதிகம். சுற்றியுள்ள தளம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு. இது தேய்ந்த அச்சு. லட்சக்கணக்கான அடியில் உலோகம் வெளிப்பக்கம் ஓடி ஓடி அச்சின் எழுத்தோரங்களை அரித்துவிடும். எஃகு வில்லைகள் கடினமானவை, அச்சை விரைவில் தேய்க்கும். மூன்றாம் வரிசைக் காசுகள் எஃகின் மேல் முலாம் பூசியவை என்பதால் இதை எதிர்பாருங்கள்.

1955-ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட்டிலேயே இதற்கும் உதாரணம் இருக்கிறது. கடைசி 5 மட்டும் நிழலோடு தெரியும் காசுகளை "ஏழையின் இரட்டை அச்சு" என்று பெயரிட்டு விற்றார்கள். அது தேய்ந்த அச்சுதான்.

அறிகுறி: எழுத்தோரம் சாம்பல் நிறக் கோடு, அல்லது கொப்புளம்

முலாம் பூசிய காசில் மட்டும் வரும். நம் இரண்டாம் வரிசையின் பிற்கால ஒரு காசு (ஒரு சென்ட்) நாணயம், 1982-க்குப் பிந்தைய அமெரிக்க சென்ட் இரண்டும் துத்தநாகத்தின் மேல் செம்பு. அடிக்கும்போது முலாம் நீண்டு கிழிந்தால் எழுத்தோரத்தில் உள்ளிருக்கும் துத்தநாகம் கோடாகத் தெரியும். செம்பு நிறத்தில் ஓர் எழுத்து, சாம்பலில் இன்னோர் எழுத்து என்று கண் நினைத்துக்கொள்ளும். நிறம் மாறுகிறதா, உயரம் மாறுகிறதா என்று பாருங்கள். நிறம் மட்டும் என்றால் கிழிசல். கொப்புளம் முலாத்தின் அடியில் அடைபட்ட காற்று. ஊசியால் அழுத்திப் பார்க்காதீர்கள், காசு கெட்டுவிடும்.

அறிகுறி: எழுத்தோ புள்ளியோ ஆண்டோ காணவில்லை

"சிங்கப்பூர்" என்பதில் ஒரு புள்ளி இல்லை என்று மகிழ்ச்சியோடு கொண்டுவருவார்கள். அச்சின் அந்தச் சிறு குழியில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் புள்ளி எழும்பாது. பிசுக்கு அடைத்த இடத்தில் எழுத்து படிப்படியாக மங்கி மறையும், சுற்றியுள்ள தளம் புதுக்காசின் பளபளப்போடு இருக்கும். தேய்ந்த காசில் எழுத்தோடு சேர்ந்து எல்லா மேடும் தேய்ந்திருக்கும். யாராவது சுரண்டியிருந்தால் லென்ஸில் கீறல் தெரியும். பிசுக்கு அடைத்தது பிழைதான், ஆனால் சாதாரணம். ஒரு சொல் முழுவதும் போயிருந்தால் எடுத்துவைக்கலாம்.

ஆண்டே இல்லாத காசு வேறு விஷயமாகவும் இருக்கலாம். பிரிட்டனில் 2008-இல் புது வடிவங்கள் வந்தபோது 20 பென்ஸ் காசின் ஆண்டு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறியது. பழைய முகப்பையும் புதிய பின்பக்கத்தையும் தவறுதலாக இணைத்து அடித்ததில் இரண்டு பக்கமும் ஆண்டில்லாமல் ஒரு தொகுதி வெளியே போனது. பொருந்தாத இரு அச்சுகளின் இந்தக் கூட்டுக்கு நாணய உலகில் மியூல் என்று பெயர்.

மறு பக்கமும் உண்டு: இருக்கக்கூடாத புள்ளி. சிராங்கூன் ரோட்டில் மாற்றிய இந்தியக் காசில் ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி கண்டால் அது பிழை இல்லை, நொய்டா நாணயச்சாலையின் முத்திரை. நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை. கொல்கத்தாவுக்கு முத்திரையே இல்லை.

அறிகுறி: எழும்பிய கோடு, கட்டி, மறுபக்க உருவத்தின் சாயல்

இங்கே ஒரே கேள்விதான்: எழும்பியிருக்கிறதா, குழிந்திருக்கிறதா? எழும்பியது பெரும்பாலும் அச்சில் பிறந்தது. அச்சில் விழுந்த விரிசல் காசில் மேடான கோடாக வரும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருந்தால் விளிம்பை ஒட்டி வடிவமே இல்லாத கட்டி வரும். இதைச் சேகரிப்பவர்கள் நிறையப் பேர். நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சும் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றதில் பதிந்து, இரண்டாம் வரிசைக் காசில் பூ உள்ள பக்கத்தில் அரசுச் சின்னத்தின் ஓரக்கோடு சாயலாகத் தெரியும். குழிந்தது பெரும்பாலும் வெளியே பட்ட அடி.

அறிகுறி: பின்பக்கம் சாய்ந்து அல்லது தலைகீழாக

காசின் மேலும் கீழும் விரலால் பிடித்து, பக்கவாட்டில் திருப்புங்கள். நம் காசில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். அமெரிக்கக் காசில் தலைகீழாகத்தான் நிற்கும், அது பிழை இல்லை. லேசான சாய்வு எங்கும் கிடைக்கும். கால்வட்டமோ அதற்கு மேலோ திரும்பியிருந்தால் அச்சு சுழன்ற பிழை, எடுத்துவையுங்கள்.

அறிகுறி: நிறமோ எடையோ சரியில்லை

இங்கே கண்ணை நம்பாமல் காந்தத்தையும் தராசையும் நம்புங்கள். இரண்டாம் வரிசையின் 10, 20, 50 காசுகள் செம்பு நிக்கல் கலவை, 5 காசும் ஒரு வெள்ளியும் அலுமினிய வெண்கலம்; எதுவும் காந்தத்தில் ஒட்டாது. மூன்றாம் வரிசை எஃகு என்பதால் ஒட்டும். இரண்டாம் வரிசையில் 5 காசு 1.56 கிராம், 10 காசு 2.6, 20 காசு 4.5, 50 காசு 7.29, ஒரு வெள்ளி 6.3. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். காந்தமும் எடையும் சரியாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் அது தீயோ, அமிலமோ, தங்க முலாம் பூசியவரோ செய்த வேலை. எடை வேறொரு காசின் எடையோடு பொருந்தினால் தவறான வில்லையில் அடித்ததாக இருக்கலாம், அபூர்வம். அதற்கு முன் அது வேறு நாட்டுக் காசா என்று பாருங்கள். புருணை வெள்ளி 1967-இலிருந்து நம் வெள்ளிக்குச் சமமாகச் செல்லுபடியாகும், அதனால் அந்தக் காசும் கையில் வரும். மலேசியக் காசும் கலந்து வருவதுண்டு.

அறிகுறி: விளிம்பு தடித்து, காசு சிறுத்து

எழுத்துகள் விளிம்புக்கு மிக அருகில் போய்விட்டன, விளிம்பு உருண்டு உயர்ந்திருக்கிறது, தளமெல்லாம் மழமழ. துணி உலர்த்தும் இயந்திரத்தின் தொட்டி இடுக்கில் மாட்டி வாரக்கணக்காகச் சுழன்ற காசு இது. பிழைக்காசு இல்லை.

ஓரத்தில் பிறைத்துண்டு வெட்டுப்பட்டிருந்தால் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். வெட்டோடு பிறந்த வில்லையில் எதிர்ப்பக்கம் விளிம்பு சரியாக எழும்பாமல் மெலிந்திருக்கும், ஏனென்றால் விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் அந்த இடத்துக்கு எதிர் அழுத்தம் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கம் முழுமையாக இருந்தால் அறுவாள்காரரைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

அறிகுறி: உருவம் முழுவதும் இரண்டு முறை

இரண்டாவது உருவத்தின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி, குழிந்து இருந்தால், இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். நேராகப் படிக்க முடிந்து, எழும்பி இருந்து, மறுபக்கத்திலும் அதே இடத்தில் இரண்டாம் அடியின் தடம் இருந்தால் நாணயச்சாலையிலேயே இருமுறை அடிபட்ட காசு. அது பெரிய பிழை. இதை மட்டும் யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சந்தேகம் தீராத காசை என்ன செய்வது

கழுவாதீர்கள். புளியும் எலுமிச்சையும் திருநீறும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது. காசில் தேய்த்தால் மேற்பரப்பு போய்விடும், அதோடு விலையும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். மென்மையான பிவிசி உறைகள் நம் ஊர் ஈரப்பதத்தில் பச்சைப் பிசின் கக்கும். மைலார் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் சாளரம் உள்ள அட்டைச் சட்டம் பாதுகாப்பானது.

அட்டையில் "டபுள் டை" என்று எழுதிவிடாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: "ர் புள்ளி வடமேற்கில் நீட்சி, உருண்டது, தட்டை இல்லை, நட்சத்திரங்களில் பிளவு இல்லை." நேராக ஒரு படம், அதே இடத்தை இரண்டு வேறு திசை வெளிச்சத்தில் இரண்டு படம். கடைக்காரரிடம் காட்டும்போது முதலில் உங்கள் முடிவைச் சொல்லாமல் காசை மட்டும் கொடுத்து, எழுத்து தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர் லென்ஸை எடுத்துக் காசைச் சாய்ப்பார். லென்ஸை எடுக்காமலே விலை சொல்பவரிடமிருந்து காசை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். தரச்சான்று நிறுவனத்துக்கு வெளிநாடு அனுப்பும் செலவு, சாதாரணப் பிழைக்காசின் விலையைத் தாண்டிவிடும். அதனால் ஒரே அச்சில் வந்த இரண்டாவது காசு கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.